81 வாங்கியும் அழுதாள்! ஏன்?

நிர்வாகப் படிப்புப் பரீட்சையில் மார்க்கு குறைந்தால் என்ன செய்வது?

"81-ஆ? பலே! பலே!"

தகப்பனார் சந்தோஷத்தில் கை தட்டினார்.

ஆனால் மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

தாயாருக்கு ஒன்றும் புரியவில்லை. "நூற்றுக்கு எண்பத்தொன்று வாங்கிவிட்டு யாராவது அழுவார்களா?" என்று கேட்டார்.

டிசம்பர் மாதத்தில் பல வீடுகளில் இதுபோன்ற காட்சி நடக்கிறது. "கேட்" பரீட்சையின் முடிவு தெரியும் காலம் அது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

சேலத்தில் ஒரு சின்னத் தெரு. தெரு முனையில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரரின் மூத்த மகள் பி.காம். பட்டதாரி. 2024-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி அவள் கேட் பரீட்சை எழுதினாள். டிசம்பர் 19-ந் தேதி முடிவு வந்தது. செல்போனில் தெரிந்த எண் 81.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்காகத் தாயாரின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. அவை இன்னும் வீடு திரும்பவில்லை. மகளின் அழுகைக்கு அதுவும் ஒரு காரணம்.

கேட் என்றால் என்ன?

பெரிய கம்பெனிகளை நடத்தும் வித்தையைக் கற்றுக் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. அவற்றில் பேர் பெற்றவை ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய நிர்வாகவியல் கழகங்கள். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-ல் இவை முதன் முதலாகத் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் திருச்சியில் 2011-ல் ஒன்று ஏற்பட்டது. 2024-ல் நாடு முழுவதும் 21 ஐ.ஐ.எம்.கள் இருந்தன.

இவற்றில் நிர்வாகப் படிப்பு படிக்க விரும்பும் பட்டதாரிகள் எழுதும் நுழைவுப் பரீட்சைதான் கேட். ஆண்டுக்கு ஒரே ஒரு தடவைதான் நடக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். 2024-ல் இதற்கான கட்டணம் 2,500 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 1,250 ரூபாய்.

2024-ம் ஆண்டுப் பரீட்சையில் மொத்தம் 68 கேள்விகள். மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம்.

முதல் பகுதி ஆங்கிலம். 24 கேள்விகள்.

இரண்டாவது பகுதி விவரங்களைப் பார்த்துப் புத்தியால் விடை காண்பது. 22 கேள்விகள்.

மூன்றாவது பகுதி கணக்கு. அதிலும் 22 கேள்விகள்.

சரியான விடைக்கு 3 மார்க்கு. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறு செய்தால் 1 மார்க்கு போய்விடும்! விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளும் உண்டு. அவற்றில் தவறு செய்தால் மார்க்கு குறையாது.

மொத்த மார்க்கு 204.

அது மார்க்கு அல்ல!

அப்படியானால் 81 என்பது என்ன?

அது மார்க்கு அல்ல. வரிசையில் நிற்கும் இடம். இதை "பெர்சென்டைல்" என்கிறார்கள்.

ரேஷன் கடையில் 100 பேர் வரிசையில் நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் 81 பேர் நிற்கிறார்கள். முன்னால் சுமார் 19 பேர். இதுதான் 81 பெர்சென்டைல்.

100 பேர் என்றால் பரவாயில்லை. 2024-ல் கேட் எழுதியவர்கள் சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பேர்! ஆகவே 81 வாங்கிய பெண்ணுக்கு முன்னால் நின்றவர்கள் சுமார் 55 ஆயிரம் பேர்.

மகள் இதை விளக்கியதும் கடைக்காரரின் முகம் மாறிவிட்டது.

"அவ்வளவு பேரா!" என்றார்.

ஆனால் இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வரிசையின் நடுவில் கூட்டம் மிக நெருக்கமாக நிற்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கும் நமக்கும் ஓரிரு மார்க்குதான் வித்தியாசம். கூடுதலாக ஐந்தாறு கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதினால் பல ஆயிரம் பேரைத் தாண்டிப் போய்விடலாம்.

அந்த ஐந்தாறு கேள்விகளை எங்கே தேடுவது? அதுதான் விஷயம்.

கடைக்காரரின் யோசனை

பக்கத்து வீட்டு மாமா வந்தார். "இன்னும் பெரிய கோச்சிங் வகுப்பாகப் பார்த்துச் சேர்த்து விடுங்கள். பணத்தைப் பார்க்காதீர்கள்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு! கடையில் நஷ்டம் வந்தால் நான் என்ன செய்கிறேன்? உடனே இன்னும் பத்து மூட்டை சரக்கு வாங்கிப் போடுகிறேனா? கணக்கு நோட்டை எடுத்துப் பார்க்கிறேன். கடன் கொடுத்து வராமல் போனது எவ்வளவு, எலி தின்றது எவ்வளவு என்று பார்க்கிறேன். உன் பரீட்சைக்குக் கணக்கு நோட்டு கிடையாதா?"

"இருக்கிறது அப்பா" என்றாள் மகள்.

உண்மைதான். பரீட்சை எழுதியவர் ஒவ்வொருவரும் தாம் எழுதிய விடைகளையும், சரியான விடைகளையும் பார்த்துக் கொள்ள வசதி உண்டு. 2024-ல் டிசம்பர் முதல் வாரத்திலேயே அவை வெளியாகிவிட்டன. மகளும் அவற்றை எடுத்து வைத்திருந்தாள். ஆனால் திறந்து பார்க்கவில்லை. பயம்!

இந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. மார்க்கு குறைந்த கேள்வித்தாளை மறுபடி பார்க்க மனம் வருவதில்லை. அதை மூலையில் போட்டுவிட்டுப் புதுப் புத்தகம் வாங்குகிறார்கள். மறு வருஷமும் அதே தவறுகளைச் செய்கிறார்கள்.

அன்று இரவு கடையைப் பூட்டிய பிறகு தகப்பனாரும் மகளும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

29 தவறுகள்

மகள் தொட்ட கேள்விகள் 52. சரியானவை 23. தவறானவை 29.

சரியான 23 விடைகளுக்கு 69 மார்க்கு. தவறான 29-ல் மார்க்கு குறைக்கும் கேள்விகள் 23. மிச்சம் 46 மார்க்கு.

"தவறு எல்லாம் ஒரே ஜாதியா? பிரித்துப் பார்" என்றார் தகப்பனார்.

மகள் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டாள்.

முதல் கட்டம்: விடை தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டவை. இவை 12.

இரண்டாவது கட்டம்: தெரிந்தும் கவனக் குறைவால் தவறியவை. "எது சரி அல்ல?" என்ற கேள்வியை "எது சரி?" என்று படித்தது, 16-ஐ 61 என்று எழுதியது, இப்படி 7.

மூன்றாவது கட்டம்: நேரம் போதாமல் கடைசி நிமிடத்தில் அவசர அவசரமாகச் செய்தவை. இவை 10.

இப்போது கணக்கைப் பாருங்கள்.

குத்துமதிப்பாகப் போட்டது மொத்தம் 15 கேள்விகள். அதிர்ஷ்டத்தில் சரியானவை 3. கிடைத்தது 9 மார்க்கு. தவறிய 12 கேள்விகளால் போனது 12 மார்க்கு. 3 மார்க்கு நஷ்டம்! ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் 22 நிமிடமும் வீண்.

கவனக் குறைவால் போன 7 கேள்விகளில் ஒவ்வொன்றிலும் 4 மார்க்கு நஷ்டம். வர வேண்டிய 3 வரவில்லை. கையில் இருந்த 1-ம் போயிற்று. ஆக 28 மார்க்கு.

வீணான 22 நிமிடம் கையில் இருந்திருந்தால், அவசரமாகச் செய்த 10 கேள்விகளில் பாதியாவது சரியாகியிருக்கும். அது 15 மார்க்கு.

3-ம் 28-ம் 15-ம் சேர்ந்தால் 46. வாங்கியதும் 46. இழந்ததும் 46!

புதிதாக ஒரு பாடம் கூடப் படிக்காமல் கிடைத்திருக்க வேண்டிய மார்க்கு இது. எல்லாத் தவறுகளையும் ஒரேயடியாக ஒழிக்க முடியாது என்பது உண்மை. பாதியை ஒழித்தாலும் 23 மார்க்கு கூடும்.

"உனக்குச் சரக்கு குறைவில்லை கண்ணு. சாக்கில் ஓட்டை" என்றார் கடைக்காரர்.

மகள் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வேலையை விட வேண்டுமா?

இன்னொரு பிரச்சினை இருந்தது. கேட் மார்க்கு ஒரு வருஷத்துச் சேர்க்கைக்குத்தான் செல்லும். மறு வருஷம் வேண்டுமானால் மறுபடி எழுத வேண்டும். வயது வரம்பு இல்லை. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை.

அதற்காக ஒரு வருஷம் முழுவதும் வீட்டில் சும்மா இருக்கலாமா?

மகளுக்கு ஒரு ஆடிட்டர் ஆபீசில் உதவியாளர் வேலை காத்திருந்தது. சம்பளம் குறைவு. "வேலைக்குப் போனால் படிக்க நேரம் இருக்காது" என்று அவள் தயங்கினாள்.

"வேலைக்குப் போ" என்றார் தாயார். "காலையில் இரண்டு மணி நேரம் படி. போதாதா?"

தாயார் சொன்னதில் நியாயம் இருந்தது. பல ஐ.ஐ.எம்.கள் கேட் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. 10-வது, 12-வது வகுப்பு மார்க்கு, கல்லூரி மார்க்கு, வேலை அனுபவம், நேர்முகப் பேட்டி ஆகியவற்றுக்கும் மதிப்பு உண்டு. வேலை பார்த்த வருஷம் வீணான வருஷம் ஆகாது.

தினமும் பத்து மணி நேரம் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து பாதி நேரம் தூங்குவதைவிட, விடாமல் இரண்டு மணி நேரம் படிப்பது மேல்.

என்ன படித்தாள்?

ஜனவரி மாதம் தொடங்கியது. பயிற்சி வகுப்புக்கு அவள் மறுபடி போகவில்லை. பழைய புத்தகங்களே இருந்தன. முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன.

ஆங்கிலம்: 2024-ல் ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16 கேள்விகள் கட்டுரையைப் படித்து விடை எழுதுபவை. அகராதியை உருப்போட்டு இதில் வெற்றி பெற முடியாது. படித்துப் பழக வேண்டும். அவள் தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு தலையங்கத்தைப் படித்தாள். படித்து முடித்ததும் அதன் கருத்தைத் தமிழில் இரண்டே வரியில் தாயாரிடம் சொன்னாள். தாயாருக்குப் புரிந்தால் அவளுக்கும் புரிந்தது என்று அர்த்தம்!

கணக்கு: பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக் கணக்குத்தான். சதவிகிதம், லாப நஷ்டம், வட்டி, வேலையும் நேரமும், தூரமும் வேகமும், அல்ஜீப்ரா, வடிவ கணிதம். முதலில் சதவிகிதமும் லாப நஷ்டமும் பிழையில்லாமல் வர வேண்டும் என்று தீர்மானித்தாள். மளிகைக் கடைக்காரர் மகளுக்கு அது கஷ்டமா?

விவரப் பகுதி: இங்கேதான் அவள் அதிகம் சறுக்கியிருந்தாள். 2024-ல் இந்தப் பகுதியில் ஐந்து புதிர்கள். ஒவ்வொரு புதிரையும் சுற்றி நாலு அல்லது ஐந்து கேள்விகள். அவள் முதல் புதிரிலேயே 18 நிமிடம் சிக்கிக் கொண்டாள். கடைசியில் அதற்கும் விடை வரவில்லை.

இதைக் கேட்ட தாயார், "சந்தைக்குப் போனால் முதல் கடையிலேயே கத்தரிக்காய் வாங்குவோமா? ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டாமா?" என்றார்.

அதுவே அவளுக்கு வழியாயிற்று. முதல் 5 நிமிடம் ஐந்து புதிர்களையும் ஒரு பார்வை பார்ப்பது. சுலபமான இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுத்துக் கொள்வது. மற்றவற்றை மறந்துவிடுவது. இரண்டு புதிர்களை முழுதாக முடித்தாலும் எட்டு, ஒன்பது சரியான விடைகள் கிடைத்துவிடும்.

ஒரு பகுதியில் மட்டும் கெட்டிக்காரியாக இருந்தால் போதாது. ஒவ்வொரு பகுதியிலும் இவ்வளவு வாங்க வேண்டும் என்று ஐ.ஐ.எம்.கள் தனித்தனியாக எல்லை வைத்திருக்கின்றன. மிகவும் பலவீனமான பகுதிக்கே முதல் கவனிப்பு தேவை.

எப்போது குறி வைக்கலாம்?

விடை தெரியாத கேள்வியை என்ன செய்வது? விட்டுவிடுவதா? ஒன்றைக் குறித்துப் பார்ப்பதா?

இதற்கும் ஒரு கணக்கு உண்டு.

ஒன்றுமே தெரியாமல் நாலு கேள்விகளுக்குக் குறி போட்டால், சராசரியாக ஒன்று சரியாகும். மூன்று தவறாகும். வருவது 3. போவது 3. லாபம் பூஜ்யம். நேரம்தான் நஷ்டம்.

நாலு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று தெரிந்து அடித்துவிட்டால் கதை வேறு. அப்போது இரண்டு கேள்விகளில் சராசரியாக ஒன்று சரியாகும். வருவது 3. போவது 1. லாபம் 2.

ஆகவே இரண்டு விடைகளை அடிக்க முடிந்தால் குறிக்கலாம். முடியாவிட்டால் கேள்வியை விட்டு நகர வேண்டும்.

தட்டச்சு செய்யும் கேள்வியில் மார்க்கு குறையாது. ஆனால் அதற்காக அதிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. நேரமும் பணம் போன்றதுதான்.

தப்பு நோட்டு

அவளிடம் ஒரு 40 பக்க நோட்டு இருந்தது. அதற்கு "தப்பு நோட்டு" என்று பெயர்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையில் மாதிரிப் பரீட்சை எழுதினாள். ஆகஸ்டு முதல் வாரந்தோறும் எழுதினாள். 2024-ல் பரீட்சை காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30 என்று மூன்று வேளைகளில் நடந்தது. அந்த நேரங்களிலேயே மாறி மாறி எழுதிப் பழகினாள். ஒவ்வொரு பகுதிக்கும் சரியாக 40 நிமிடம். மணி அடித்ததும் அடுத்த பகுதி.

பரீட்சை எழுத 2 மணி நேரம். தவறுகளைப் பார்க்க 4 மணி நேரம்!

ஒவ்வொரு தவறையும் நோட்டில் எழுதினாள். பக்கத்தில் காரணத்தையும் எழுதினாள். தெரியாததா? கவனக் குறைவா? அவசரமா? வாரக் கடைசியில் தகப்பனார் அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பார். கேள்வி அவருக்குப் புரியாது. மூன்று கட்டங்களில் எத்தனை கோடு என்பது மட்டும் புரியும்.

முதல் மாதம் கவனக் குறைவில் ஏழு கோடு, எட்டு கோடு என்று இருந்தது. தீபாவளி நெருங்கும்போது இரண்டு, மூன்று ஆகிவிட்டது.

நடுவில் ஒரு மாதம் மார்க்கு ஏறவே இல்லை. மகள் சோர்ந்து போனாள். "கடையிலும் ஆடி மாதம் உண்டு கண்ணு" என்றார் தகப்பனார். "ஆடி போனால் ஆவணி!"

வேறு கதவுகள்

கேட் ஒன்றே கதி என்று இருக்க வேண்டியதில்லை. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. கல்லூரி நடத்தும் "சாட்" பரீட்சை ஜனவரியில் வருகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் "டான்செட்" பரீட்சை இருக்கிறது. கேட்டுக்குப் படித்த கணக்கும் ஆங்கிலமும் இவற்றுக்கும் பெரிதும் உதவும்.

வெளிநாட்டுக் கல்லூரிகள் பல கேட்கும் "ஜிமேட்" பரீட்சையை 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம். 12 மாதத்தில் ஐந்து தடவை வரை அனுமதி உண்டு. ஆனால் எந்தப் பரீட்சையானாலும், முதல் தடவை செய்த தவறுகளைப் பார்க்காமல் இரண்டாம் தடவை எழுதினால் பலன் இராது.

ஒரு வளையல் வந்தது

சம்பளத்தில் மாதா மாதம் மிச்சம் பிடித்து, ஒரு வளையலை மகள் மீட்டுக் கொண்டு வந்தாள். இன்னொன்று இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

மறு வருஷம் நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பரீட்சை மண்டபத்தின் வெளியே தகப்பனாரும் தாயாரும் வேப்ப மரத்தடியில் காத்திருந்தார்கள். தாயாரின் கையில் அந்த ஒற்றை வளையல் இருந்தது.

மகள் வெளியே வந்தாள்.

சுற்றிலும் நின்ற பெற்றோர், "எத்தனை கேள்வி எழுதினாய்?" என்று தங்கள் பிள்ளைகளைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் அப்படிக் கேட்கவில்லை.

"எத்தனை கேள்வியைத் தொடாமல் விட்டாய், கண்ணு?" என்று கேட்டார்.

"முப்பது, அப்பா."

"பலே! பலே!" என்றார் தகப்பனார்.

இந்தத் தடவை மகள் அழவில்லை. முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது. வரிசையில் எந்த இடம் என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் சாக்கின் ஓட்டையை அவள் தைத்துவிட்டாள். அது அவளுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் மார்க்கு குறைந்த பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். புதுப் புத்தகத்துக்கும் ஓடாதீர்கள். பழைய கேள்வித்தாளை எடுத்துக் கொண்டு ஒரு நாள் இரவு பக்கத்தில் உட்காருங்கள்.